பத்தாயிரத்து ஏழு யாருக்கும் அடங்காது

எங்கள் பின்னல் ஷெட்டில் ஏழு, பதினொன்று, பதிமூன்று, பதினேழு போன்ற எண்களுக்கு அடங்காப்பிடாரி என்று பெயர். போன மாதம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஆமத்தூரில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். அந்தப் பெயரை வைத்தது நான்தானாமே, நிஜமா என்று கேட்டார்கள். நிஜமில்லை. எனக்கு முன்னால் ஷெட்டில் இருந்த மாடத்தி மதினி வைத்த பெயர் அது. ஆனால் அந்தப் பெயருக்கு ஆபீசில் மரியாதை வாங்கிக் கொடுத்தது நான். அதை நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது தான் செய்ததாகச் சொல்லிவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். கணக்கு அப்படியில்லை.

நான் பெட்டி ஒட்டுவதில் ஆரம்பித்தேன். பிறகு குழாய் உருட்டினேன், பிறகு திரி வெட்டினேன், பிறகு பின்னலுக்கு வந்தேன். இருபது வருடத்தை இப்படி ஒரு வரியில் சொல்லிவிடலாம். அதில் சொல்ல ஒன்றுமில்லை, கை பழகியது, அவ்வளவுதான்.

பின்னல் என்றால் சரவெடி கட்டுவது. குட்டி வெடிகளைத் திரியோடு திரி சேர்த்து நூலால் பின்னிக்கொண்டே போக வேண்டும். அப்படிப் பின்னிய துண்டுக்குச் சடை என்று பெயர். எத்தனை சடையானாலும் ஒவ்வொன்றிலும் வெடி ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். அந்தச் சடைகளை ஒரு பெரிய திரியில் வரிசையாகக் கோத்தால் சரம். ஒரு சடையில் எண்ணிக்கை குறைந்தாலும் அந்த இடத்தில் சரம் ஒல்லியாகிவிடும், சுருட்டும்போது கோணிக்கொள்ளும், பெட்டிக்குள் உட்காராது. ஆகவே மொத்தம் இத்தனை என்று சீட்டு வந்ததும், அது எத்தனை சடையாகச் சமமாகப் பிரியும் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஷெட்டில் அதைப் பார்த்துச் சொல்கிறவள்தான் பெரியாள். பதினாறு வருடம் அந்தப் பெரியாள் நான்தான்.

இப்படிப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு எண்களின் குணம் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு, அறுபது, நூற்றிநாற்பத்துநாலு எல்லாம் சமத்து. எத்தனை பேருக்குப் பிரித்தாலும் முகம் சுளிக்காமல் பிரியும். சில எண்கள் ஒருவழிக்காரி. ஒரே ஒரு விதமாகத்தான் பிரியும், வேறு எப்படிக் கேட்டாலும் மாட்டேன் என்னும். மொய் எழுதுகிற பத்தாயிரத்து ஒன்று அப்படிப்பட்டது. எழுபத்துமூன்று சடை, சடைக்கு நூற்றிமுப்பத்தேழு. திருப்பிப் போட்டாலும் அதேதான், அதை விட்டால் வழியில்லை. எதற்குமே பிரியாதது அடங்காப்பிடாரி. பதினொன்றும் பதிமூன்றும், பதினேழும் பத்தொன்பதும் இருக்கிறதே, நடுவில் ஒரே ஒரு எண்ணை விட்டு இந்தப் பக்கம் ஒரு பிடாரி, அந்தப் பக்கம் ஒரு பிடாரி. அவர்களுக்கு மாடத்தி மதினி வைத்த பெயர் ஒன்றுவிட்ட அக்கா தங்கச்சி.

புது நூற்றாண்டு பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். அப்போது எங்கள் கம்பெனிக்குத் தங்கராசு என்று ஒரு போர்மேன் இருந்தார். டிப்ளமோ படித்தவர். கோபம் வந்தால் குரல் இறங்கும். ரொம்பக் கோபம் வந்தால் உதடு மட்டும் அசையும், நாங்கள் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் ஒவ்வொரு அறை வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, அறைக்கு நாலு பேர்தான், தலையில் ஊசி கூடாது, காலில் கொலுசு கூடாது, தண்ணீர் வாளி நிறைந்திருக்க வேண்டும் என்று ஒப்பிப்பார். ஒரு நாளும் விட்டதில்லை, ஒரு சொல்லும் மாறியதில்லை. அந்த மட்டுக்கும் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இருந்தவரை எங்கள் கம்பெனியில் ஒருவர் விரலுக்கும் சேதமில்லை.

அவரிடம் ஒரு கால்குலேட்டர் இருந்தது. பாலித்தீன் உறை போட்டு வைத்திருப்பார். பேட்டரி உள்ள எதையும் கம்பெனி கேட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்பது விதி. விதியைப் போட்டவரே அவர்தான். அதனால் காலையில் அதை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு உள்ளே வருவார். எங்கள் ஷெட்டிலிருந்து கேட்டுக்கு முந்நூறு அடி. ஒரு வகுத்தல் போட வேண்டுமென்றால் முந்நூறு அடி நடந்து போய், போட்டுவிட்டு, முந்நூறு அடி நடந்து வருவார். தாளில் போடலாமே என்று ஒருமுறை கேட்டேன். உதடு மட்டும் அசைந்தது.

ஒரு திங்கட்கிழமை முதலாளி வடக்கே ஆர்டர் பிடிக்கக் கிளம்பியவர், கேட்டில் காரை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். சாத்தூரில் அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த கிரேஸ் டீச்சர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார்களாம். பழைய மாணவர்கள் எல்லாம் சேர்ந்து வழியனுப்புகிறார்களாம். என்ன வேண்டும் என்று டீச்சரையே கேட்டதற்கு, ஒரு சரவெடி போதும், அதில் சரியாகப் பத்தாயிரத்து ஏழு வெடி இருக்க வேண்டும் என்றார்களாம்.

“ஒண்ணு கூடவும் கூடாது, ஒண்ணு கொறயவும் கூடாது. டீச்சர் எண்ணுவாக. தப்புன்னா இந்த வயசுலயும் என்னைய பெஞ்சு மேல ஏத்திருவாக” என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

மறுநாள் போர்மேன் சீட்டு அனுப்பினார். சீட்டில் பத்தாயிரத்து எட்டு. எழுபத்திரண்டு சடை, சடைக்கு நூற்றிமுப்பத்தொன்பது என்று பிரித்தும் எழுதியிருந்தார்.

நான் சீட்டை எடுத்துக்கொண்டு போய் ஒன்று அதிகம் என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். முதலாளி அவருக்கும் போனில் ஏழு என்றுதான் சொன்னாராம். ஆனால் உலகத்தில் யாரும் ஏழில் நிறுத்த மாட்டார்களாம். நூற்றியெட்டு உண்டு, ஆயிரத்தெட்டு உண்டு, சாமிக்குச் சாத்துகிற வடைமாலைகூட எட்டில்தான் முடியுமாம். முதலாளி அவசரத்தில் ஒன்று குறைத்துச் சொல்லியிருக்கிறார், அதை நாம்தான் திருத்திக்கொள்ள வேண்டும் என்றார்.

டீச்சர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள், அவர்களுக்கு எதற்கு ஆயிரத்தெட்டு என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் குரல் இறங்கியது.

“ஏழுதான்னு நீங்க சொல்லுதீக. சரி. ஒரே அளவுச் சடையா பிரிச்சுக் காட்டுங்க. பிரிக்க முடியாத நம்பர எவனும் ஆர்டர் குடுக்க மாட்டான்.”

“அது பிரியாது சார். அடங்காப்பிடாரி.”

“ஒங்களுக்குப் பிரிக்கத் தெரியலன்னு சொல்லுங்க. நம்பரு மேல பழியப் போடாதீக.”

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அவர் விடவில்லை. எங்கள் அறையில் செல்வி என்று ஒரு பெண், பத்தாவது பாஸ். வியாழக்கிழமைக்குள் நான் பிரித்துக் காட்ட வேண்டும், அல்லது பிரியவே பிரியாது என்று காட்ட வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் வருகிற திங்கட்கிழமை முதல் செல்விதான் ஷெட்டுக்குப் பெரியாள், நான் பெட்டி ஒட்டுகிற பக்கம் போய்விட வேண்டும் என்றார். பெட்டி ஒட்டுவது கேவலமான வேலை இல்லை. ஆனால் எனக்கு அப்போது ஐம்பது நெருங்கியிருந்தது. எம்.ஏ. படித்தவரைத் திரும்ப ஒன்றாம் வகுப்பில் உட்காரச் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? செல்வி அழுதே விட்டாள். “யக்கா, எனக்கு ஏழாம் வாய்ப்பாடே தகராறு யக்கா” என்றாள். நான் அவளை முதலில் தேற்ற வேண்டியதாயிற்று.

பிரிந்தால் காட்டிவிடலாம். பிரியாது என்று எப்படிக் காட்டுவது? இரண்டில் ஆரம்பித்துப் பத்தாயிரம் வரைக்கும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் என் ஆயுசு போதாது, போர்மேன் ஆயுசும் போதாது.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வெளியே தார்ப்பாயை விரித்து, மருந்து ஏற்றாத காலிக் குழாய்களைக் கொட்டி, நானும் செல்வியும் வரிசை பிடித்தோம். வரிசைக்கு நூறு, நூறு வரிசை. கரெக்டாகச் சதுரமாக உட்கார்ந்தது. கையில் மிச்சம் ஏழு. நான் அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டே தயிர்ச்சோறு சாப்பிட்டேன். வரிசையைக் கூட்டினால் என்ன ஆகும்? வரிசை நூற்றியொன்று, நூற்றிரண்டு என்று போகப் போக ஒவ்வொரு வரிசையின் நீளமும் நூறுக்குக் கீழே வந்துவிடும். நூற்றியொரு வரிசை, வரிசைக்கு நூற்றியொன்று என்று வைக்க நம்மிடம் குழாய் கிடையாது. ஆக எப்படிப் பிரித்தாலும் ஒரு பக்கம் நூறுக்குள்தான் இருந்தாக வேண்டும். நூறுவரைக்கும் பார்த்தால் போதும், அதற்கு மேல் பார்ப்பது அதே தார்ப்பாயைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பதுதான்.

நூறும் வேண்டியதில்லை. இரண்டு பேருக்கு அடங்காதவள் நாலு பேருக்கு அடங்குவாளா, எட்டுப் பேருக்கு அடங்குவாளா? மூன்றுக்கு மசியாதவள் ஒன்பதுக்கும் மசிய மாட்டாள். ஆகவே சமத்துகளை எல்லாம் தள்ளிவிடலாம். ஒரு அடங்காப்பிடாரியைப் பிரிக்க இன்னொரு அடங்காப்பிடாரியால்தான் முடியும். நூறுக்குள் அவர்கள் எத்தனை பேர் என்று செல்வியை எழுதச் சொன்னேன். இருபத்தைந்து பேர். இருபத்தைந்தும் தோற்றால் பத்தாயிரத்து ஏழு ஜெயித்தது.

புதன்கிழமை இதைப் போர்மேனிடம் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார். மூன்றாம் தடவை, தார்ப்பாயைச் சுற்றி நடந்து பக்கவாட்டில் நின்று பார்த்தார். தப்பு சொல்ல முடியவில்லை. சரி, இருபத்தைந்தையும் நானே போட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டை நோக்கி நடந்தார்.

மொத்தமாகப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அவருக்கு ஒவ்வொன்றிலும் நம்பிக்கை. ஒன்று போட்டுவிட்டு வந்து சொல்வார், பிறகு அடுத்ததற்குப் போவார். பதினேழுக்குப் போய் வந்து, “ஐநூத்தி எம்பத்தெட்டு புள்ளி ஆறு” என்றார்.

“அந்தப் புள்ளி ஆறு வெடிய எப்படிச் சார் கட்ட?”

அடுத்ததற்குத் திரும்பி நடந்தார். வெயில் என்றால் எங்கள் ஊர் வெயில். வாட்ச்மேன் இரக்கப்பட்டுப் பாதி வழிவரை குடை பிடித்தார். இருபத்துமூன்றில் இரண்டு வெடி மிச்சம், நாற்பத்தொன்றில் மூன்று மிச்சம். மற்ற அறைகளில் பெண்கள் வேலையை நிறுத்தாமலே தலையை மட்டும் வெளியே நீட்டி, இப்போது எத்தனையாவது நடை என்று எண்ண ஆரம்பித்திருந்தார்கள். எழுபத்துமூன்றுக்குப் போனவர் ஓடியே வந்தார். நாங்கள் அவர் ஓடிப் பார்த்ததே இல்லை. ஓடக் கூடாது என்பதும் அவர் போட்ட விதிதான்.

“பேச்சியம்மா, மாட்டிக்கிருச்சு. நூத்தி முப்பத்தேழு புள்ளி பூஜ்யம்.”

செல்வி கையிலிருந்த குழாயைக் கீழே போட்டாள்.

“பூஜ்யத்துக்குப் பின்னால ஒண்ணும் இல்லையா சார்?”

அவர் யோசித்தார். “எட்டு இருந்துச்சு.”

வரிசை பிடித்துக் காட்டினேன். எழுபத்துமூன்று வரிசை, வரிசைக்கு நூற்றிமுப்பத்தேழு, கையில் ஆறு குழாய். எழுபத்துமூன்றில் ஒழுங்காகப் பிரிவது மொய்ப்பணம் பத்தாயிரத்து ஒன்றுதான், இது இல்லை என்றேன். அவர் ஆறு குழாயையும் ஒவ்வொன்றாக எண்ணி வாங்கிக்கொண்டார். மிச்சம் நாலுக்கும் நடந்துவிட்டுத்தான் ஓய்ந்தார். இருபத்தைந்தும் தோற்றது.

தோற்றது என்று ஒத்துக்கொண்டாரா என்றால், இல்லை. பிரியாத எண்ணைச் சரமாக எப்படிக் கட்டுவீர்கள், அது கோணிக்கொள்ளுமே என்றார். அதற்கும் பதில் தார்ப்பாயிலேயே இருந்தது. நூறு சடை, சடைக்கு நூறு. மிச்சம் ஏழு வெடியைத் தனியாகக் கட்டி, நுனியில் தொங்கவிட வேண்டியது. பொம்பளைப் பிள்ளைக்குச் சடை பின்னினால் நுனியில் குஞ்சம் வைக்கிறோமே, அது சடையைக் கோணலாக்கவா செய்கிறது? அவர் வாளியில் தண்ணீர் நிறைந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, கட்டுங்கள், ஆனால் சாத்தூரில் டீச்சர் கையில் எண்ணிக்கை சரியாக வந்தால்தான் உங்கள் இடம் உங்களுக்கு, ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பெட்டிப் பக்கம்தான் என்றார். வெடித்து முடிகிறவரைக்கும் இந்தப் பேச்சு இருக்கும் என்றும் சொன்னார்.

நான் பின்னியதில் அந்தச் சரம் போல இன்னொன்று கிடையாது. ஒவ்வொரு சடையையும் நான் எண்ணி, செல்வி எண்ணி, மறுபடி நான் எண்ணினேன். நூல் முடிச்சு ஒரே பக்கம் விழும்படி பார்த்துக்கொண்டேன். குஞ்சத்துக்குச் சிவப்பு நூல்.

சாத்தூரில் ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானத்தில், பொழுது சாய்கிற நேரத்தில் வைத்திருந்தார்கள். முதலாளி ஊர் திரும்பியிருந்தார், ஷெட்டில் நடந்தது அத்தனையும் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. என்னையும் செல்வியையும் போர்மேனையும் அழைத்துப் போனார். கிரேஸ் டீச்சர் ஒல்லியாக, வெள்ளைப் புடவையில் வந்தார்கள். முதலாளி கைகட்டி நின்றார். அவரோடு படித்தவர்கள், நரை விழுந்தவர்கள், எல்லோரும் கைகட்டித்தான் நின்றார்கள்.

டீச்சர் வந்ததும் சரத்தை விரிக்கச் சொன்னார்கள். பத்தாயிரத்தையும் எண்ணவில்லை. சடைகளை எண்ணினார்கள், நூறு. பிறகு அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று நாலு சடையைத் தொட்டு அதிலுள்ள வெடிகளை எண்ணினார்கள். நாலிலும் நூறு. கடைசியில் குஞ்சத்தைக் கையில் ஏந்தி ஒன்று முதல் ஏழுவரை எண்ணிவிட்டு நிமிர்ந்தார்கள்.

“இத ஏன் தனியா வச்சீங்க?”

பிரியாது டீச்சர், அதனால்தான் என்றேன். பிரியாது என்று எப்படித் தெரியும் என்றார்கள். நான் தார்ப்பாயைச் சொன்னேன், சதுரத்தைச் சொன்னேன், நூறுக்கு மேல் போனால் அது பக்கவாட்டுப் பார்வை என்று சொன்னேன், இருபத்தைந்து பிடாரிகளைச் சொன்னேன். போர்மேன் இருபத்தைந்து முறை கேட்டுக்கு நடந்ததை மட்டும் சொல்லவில்லை. அதைச் செல்வி சொல்லிவிட்டாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. தன் மாணவர்கள் பக்கம் திரும்பி, “இத நான் ஒங்களுக்கு எத்தனை வருஷம் சொல்லிக்குடுத்தேன்? ஒருத்தராவது எனக்குத் திருப்பிச் சொல்லிருக்கீங்களா?” என்று கேட்டார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பத்தாயிரத்தைத் தாண்டியதும் வருகிற முதல் அடங்காப்பிடாரி இதுதானாம், அதற்காகத்தான் கேட்டார்களாம். அவர்கள் பாஷையில் அதற்குப் பகா எண் என்று பெயர். எங்கள் பெயர்தான் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். முதலாளி சும்மா இருக்காமல், போர்மேன் முதலில் பத்தாயிரத்து எட்டு என்று சீட்டுப் போட்டதைச் சொல்லிவிட்டார்.

“பத்தாயிரத்து ஒம்பதும் பிரியாது சார்” என்றார்கள் டீச்சர், போர்மேனைப் பார்த்து.

“அந்த ஏழும் அந்த ஒம்பதும் ஒண்ணுவிட்ட அக்கா தங்கச்சி சார்” என்றேன் நான். “நீங்க நடுவுல போயி உக்காந்திருக்கீக.”

கொளுத்தினார்கள். எவ்வளவு நேரம் வெடித்தது என்று நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக் காதால் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு இடத்திலும் சத்தம் இளைக்கவில்லை. கடைசியில் குஞ்சம் தனியாக, படபடவென்று முடிந்தது.

புகை அடங்கி, தண்ணீர் தெளித்து, கூட்டம் மிட்டாய் சாப்பிடப் போன பிறகும் போர்மேன் மைதானத்தில் குனிந்து நின்றார். ஒரு குச்சியை வைத்துக்கொண்டு சிவப்புக் காகிதக் குப்பையை அங்குலம் அங்குலமாகக் கிளறினார். கடைசியில் எதையோ வாளியில் முக்கி எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு டீச்சரிடம் வந்தார். ஒரு வெடி. நமுத்துப்போய், திரி மட்டும் கருகி, வெடிக்காமல் கிடந்திருக்கிறது.

“டீச்சர், வெடிச்சது பத்தாயிரத்து ஆறுதான். ரெட்டப்படை. ரெண்டா பிரியும். ஆகக்கூடி இது நீங்க கேட்ட நம்பர் இல்ல.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். வெடித்து முடிகிறவரை என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணக்குப்படி அவர் சொன்னது சரி. என் கை தப்பவில்லை, ஆனால் எண் தப்பிவிட்டது. பெட்டிப் பசை வாசனை மூக்கில் ஏறுவதுபோல் இருந்தது. செல்வி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் அந்த வெடியை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்கள்.

“இதப் பின்னுனது யாரு?”

“நான்தான் டீச்சர்.”

“முடிச்சு நல்லா இருக்கு. திரியும் உள்ளுக்குள்ள வரைக்கும் கருகியிருக்கு. இதுக்குள்ள மருந்து ஏத்துனது யாரு?”

முதலாளி மெதுவாகப் போர்மேன் பக்கம் திரும்பினார். மருந்து ஷெட்டுக்கு எங்கள் கம்பெனியில் வேறு யாரையும் விடுவதில்லை. முழுக்க முழுக்க அவர் பொறுப்பு.

“என்ன தங்கராசு,” என்றார் முதலாளி, “திங்கக்கெழம பின்னல் ஷெட்ட யாரு பாக்கப் போறது?”

போர்மேனின் உதடு அசைந்தது. டீச்சர், சத்தமாகச் சொல்லுங்கள், கடைசிப் பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்றார்கள்.

“பேச்சியம்மாவே பாக்கட்டும் மொதலாளி,” என்றார் அவர். “நான் மருந்து ஷெட்டப் பாக்கேன்.”